வாசகர் கேள்வி–பதில்: செமினாரில் புரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு

சென்ற இதழில் உயிரியல் ஆராய்ச்சிப் படிப்புகளைப் பற்றி எழுதும்போது ‘செமினார்’ என்ற சொல்லை நாலைந்து இடங்களில் போகிற போக்கில் போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வந்ததில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான், ஊர்தான் வேறு: புரியவில்லையே, என்ன செய்ய? பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் யாருக்குமே போடவில்லை.

எம்.எஸ்சி. பயோடெக் முடித்துவிட்டுப் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று செமினார் நடக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் தலையாட்டுகிறார்கள். போவதை நிறுத்திவிடலாமா? – திருச்சி வாசகி

முதலில், தலையாட்டுகிறவர்களை நம்பாதீர்கள். எலியின் மூளை நரம்பணுக்களில் இருபது வருடம் வேலை பார்த்த பேராசிரியரைக் கொண்டுபோய்த் தாவர வேரில் நைட்ரேட் எப்படிக் கடத்தப்படுகிறது என்ற பேச்சில் உட்கார வையுங்கள், இருபதாவது நிமிடத்தில் அவரும் உங்கள் நிலைமைக்குத்தான் வருவார். என்ன, புரியாதபோது பதறாமல் இருக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது, உங்களுக்கு இன்னும் வரவில்லை.

ஒரு மணி நேரப் பேச்சில் முதல் பத்து நிமிடம் அரங்கில் உள்ள எல்லோருக்கும், நடுப்பகுதி அந்தத் துறைக்காரர்களுக்கு, கடைசிப் பத்து நிமிடம் பேசுகிறவரின் போட்டியாளர்களுக்கு. அதனால் முழுவதையும் பிடித்துவிட வேண்டும் என்று போகாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடியுங்கள்: இவர் எதைக் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறார்? அது கிடைத்துவிட்டால் பிறகு வரும் ஒவ்வொரு படத்தையும் ‘இது அந்தக் கேள்விக்கு எங்கே உதவுகிறது?’ என்று கேட்டுக்கொண்டே பார்க்கலாம். அது கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் தப்பு பேசுகிறவருடையது.

அப்புறம், நடுவில் தொலைந்துபோனால் ஏதாவது ஒரு ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள். ஒரு வெஸ்டர்ன் பிளாட் (ஒரு குறிப்பிட்ட புரோட்டீன் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கறுப்புப் பட்டைகளாகக் காட்டும் படம்) வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பாருங்கள், இந்த ஜீனை நீக்கியதும் புரோட்டீன் குறைந்துவிட்டது’ என்று லேசரை ஒரு கறுப்புப் பட்டையில் ஆட்டிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். நீங்கள் அதற்குக் கீழே இருக்கும் வரிசையைப் பாருங்கள். ஆக்டின் என்றோ டியூபுலின் என்றோ, பொதுவாக எல்லா செல்லிலும் இருக்கும் ஒரு புரோட்டீனின் பெயர் எழுதியிருக்கும். எல்லா லேனிலும் (ஒவ்வொரு சாம்பிளும் ஓடும் தடம்) ஒரே அளவு சாம்பிள் போட்டோம் என்பதற்கு அந்த வரிசைதான் சாட்சி. அந்தச் சாட்சியும் கூடவே மங்கியிருந்தால் குறைந்தது புரோட்டீனா, பிப்பெட்டில் எடுத்த சாம்பிளா? மைக்ராஸ்கோப் படம் என்றால் ஓரத்தில் அளவுகோல் இருக்கிறதா, பச்சையாக மின்னும் அந்த ஒரு அழகான செல்லைத் தவிர வேறு எத்தனை செல்லை எண்ணினார்கள், எண்ணியவருக்கு எது எந்த சாம்பிள் என்று முன்கூட்டியே தெரியுமா? இதற்கெல்லாம் அந்தத் துறை தெரிய வேண்டியதில்லை. ஒருவர் தன் முடிவைத் தானே எவ்வளவு தூரம் சந்தேகப்பட்டிருக்கிறார் என்பதைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் என்னைக் கேட்டால் செமினாருக்குப் போக வேண்டும். அந்தத் தகவல்களை எப்படியும் ஆறு மாதத்தில் பேப்பரில் படித்துக்கொள்ளலாம்.

குறிப்பெடுங்கள். 1951 நவம்பரில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் தன் டி.என்.ஏ. எக்ஸ்ரே வேலையைப் பற்றிப் பேசினார். கேட்க வந்திருந்தவர், பின்னாளில் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன். அவர் குறிப்பே எடுக்கவில்லை. டி.என்.ஏ.வில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஃபிராங்க்ளின் சொன்னதைத் தப்பாக நினைவில் வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் திரும்பி, கூட்டாளி பிரான்சிஸ் கிரிக்குடன் சேர்ந்து மூன்று இழை கொண்ட ஒரு மாடலைக் கட்டினார். பாஸ்பேட் எல்லாம் உள்ளே, பேஸ்கள் வெளியே, உண்மையில் இருப்பதற்கு நேர் தலைகீழ். அதைப் பார்க்க வந்த ஃபிராங்க்ளின் ஒரு பார்வையிலேயே தவறைச் சொல்லிவிட்டார். ஆய்வகத் தலைவர் பிராக் ‘டி.என்.ஏ. பக்கமே போகாதீர்கள்’ என்று இருவரையும் நிறுத்தும் அளவுக்கு அவமானமாகிப் போனது. நோட்டுப் புத்தகம் கொண்டுபோகாததற்கு இதைவிடப் பெரிய தண்டனை வாங்கியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

சமோசாவுக்காகச் செமினாருக்குப் போவது தப்பா? – புதுச்சேரி வாசகர்

இல்லை. ஆனால் பேச்சு முடியும்வரை இருந்துவிட்டுச் சாப்பிடுங்கள். டீ நேரத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தை நடத்திய மேக்ஸ் பெருட்ஸ், எல்லோரும் சந்தித்துப் பேச ஒரு கேன்டீன் வேண்டும் என்பதில் குறியாக இருந்தார். அதைப் பல ஆண்டுகள் நடத்தியது அவருடைய மனைவி கிசேலா. அரங்கில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியைக் கையில் டீ கிளாஸோடு கேட்டால் பேச்சாளரும் இறங்கிவந்து பதில் சொல்வார்.

சென்னையில் பி.எச்டி. செய்கிறேன். கேள்வி மனதில் வரும், கை தூக்குவதற்குள் நெஞ்சு படபடக்கும். ஆங்கிலம் வேறு தடுமாறும். கடைசியில் நான் நினைத்த அதே கேள்வியை முன்வரிசையில் ஒருவர் கேட்டுவிடுவார். எங்கள் துறையில் பெண்கள்தான் அதிகம், ஆனால் கேள்வி கேட்பது எப்போதும் அதே நாலு ஆண்கள். – ஆராய்ச்சி மாணவி, சென்னை

உங்கள் துறையில் மட்டும் இல்லை. 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. பத்து நாடுகளில் 35 நிறுவனங்களில் ஏறத்தாழ 250 துறைச் செமினார்களில் உட்கார்ந்து யார் கேள்வி கேட்கிறார்கள் என்று எண்ணினார்கள். அரங்கில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சரிசமமாக இருந்தும், ஒரு கேள்வி ஆணிடமிருந்து வருவதற்கான வாய்ப்பு பெண்ணிடமிருந்து வருவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு பெண்கள் கேட்பது இன்னும் குறைந்தது. ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தபோது பெண்கள் அதிகம் சொன்ன காரணங்கள் நீங்கள் எழுதியதுதான்: தைரியம் வரவில்லை, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று பயம், பேசியவர் ரொம்பப் பெரிய ஆள்.

இதில் உங்கள் கையில் இருப்பது கொஞ்சம், செமினாரை நடத்துகிறவர் கையில் இருப்பது நிறைய. ‘முதல் கேள்வி ஒரு மாணவரிடமிருந்து’ என்று அவர் ஒரு வழக்கம் வைத்தாலே அரங்கம் மாறும். உங்கள் துறையில் அவர் யாரோ, அவரிடம் இதைக் காட்டுங்கள்.

உங்கள் பங்குக்கு: பேச்சு நடக்கும்போதே கேள்வியை ஒரே வரியில் எழுதிவிடுங்கள், எழுதியதைப் பார்த்தே படியுங்கள். ‘ஐ ஹாவ் எ வெரி பேசிக் டவுட், இட் மே பி சில்லி’ என்று ஆரம்பிக்கும் வழக்கத்தை மட்டும் இன்றோடு விடுங்கள். அதை ஆண்கள் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. ‘இன் தி தேர்ட் எக்ஸ்பெரிமென்ட், வாட் வாஸ் தி நெகட்டிவ் கன்ட்ரோல்?’ போதும். (விளைவு எதுவும் வரக் கூடாத ஒப்பீட்டுச் சோதனைதான் நெகட்டிவ் கன்ட்ரோல்.) இந்த ஒரு வரிக்கு எந்த இலக்கணமும் வேண்டாம், உயிரியலில் எந்தப் பேச்சுக்கும் பொருந்தும். பதில் சொல்லும்போது பேச்சாளர் பின்னால் திரும்பி ஸ்லைடைத் தேட ஆரம்பித்தால் நீங்கள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதற்கு நேர் எதிராக ஒரு ஜாதி உண்டு. மைக்கை வாங்கி ‘இது கேள்வி இல்லை, ஒரு கருத்துதான்’ என்று தொடங்கித் தன்னுடைய 1998-ம் வருடப் பேப்பரைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கும் ஜாதி. அவர்களைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பதென்றால் அப்படித்தான் நீளமாகப் பேச வேண்டும்போல என்று நீங்கள் பயந்திருக்கலாம். வேண்டவே வேண்டாம்.

ஒரு மாநாட்டில் ஸ்லைடைப் போனில் படம் எடுத்தேன். சீனியர் திட்டிவிட்டார். எல்லோரும்தானே எடுக்கிறார்கள்? – ஹைதராபாத் வாசகர்

சீனியர் சொன்னது சரி. திரையில் இருப்பது இன்னும் வெளியாகாத டேட்டாவாக இருக்கலாம். அது போட்டி லேபின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச்சேர அரை நிமிடம் போதும், அந்த ஸ்லைடுக்குப் பின்னால் ஒரு மாணவரின் நாலு வருடம் இருக்கும். அமெரிக்காவில் 1931-ல் தொடங்கிய கார்டன் ஆராய்ச்சி மாநாடுகளில் இது எழுதப்பட்ட விதியே: படம் கூடாது, ஒலிப்பதிவு கூடாது, அங்கே கேட்டதை வெளியே மேற்கோள் காட்டக் கூடாது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் ஆட்கள் அரைவேக்காட்டு முடிவையும் துணிந்து காட்டுகிறார்கள். சில இடங்களில் ‘படம் எடுக்கலாம்’ என்று ஸ்லைடு மூலையிலேயே குறி போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை. ஒரு விரிவுரையோ கருத்தரங்கோ உண்மையிலேயே விஞ்ஞானத்தின் போக்கை மாற்றியிருக்கிறதா? இல்லை, எல்லாம் ஒரு சடங்குதானா? – மட்டக்களப்பு வாசகி

டீச்சர், உங்கள் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் மரபுக்குறியீட்டு அட்டவணையில் (ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்துச் சொல் ஒவ்வொன்றும் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்ற பட்டியல்) யூ-யூ-யூ என்றால் ஃபீனைல்அலனின் என்று இருக்கிறதல்லவா, அதன் முதல் கட்டம் நிரம்பிய கதையையே சொல்கிறேன்.

1961 மே மாதம், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ஷல் நைரன்பெர்க்கும் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஹைன்ரிஷ் மத்தாயும், யுராசில் (அட்டவணையின் ‘யூ’ எழுத்து) மட்டுமே திரும்பத் திரும்ப வரும் செயற்கை ஆர்.என்.ஏ.வை எடுத்து, பாக்டீரியாவை உடைத்துப் பிழிந்த சாற்றில் போட்டார்கள். வந்த புரோட்டீனில் ஃபீனைல்அலனின் மட்டும்தான் இருந்தது. குறியீட்டின் முதல் சொல் விளங்கிவிட்டது. ஆனால் நைரன்பெர்க்கை அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. வயது 34. குறியீட்டைப் பற்றித் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்த கிரிக் வட்டாரத்தில் அவர் ஆளே இல்லை.

ஆகஸ்டில் மாஸ்கோவில் பன்னாட்டு உயிர்வேதியியல் மாநாடு. ஆயிரக்கணக்கானோர் வந்திருந்த கூட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை, சொற்ப நேரம், விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் கேட்பவர்கள். அந்தச் சிலரில் மேத்யூ மெசல்சன் ஒருவர். டி.என்.ஏ. எப்படிப் படியெடுத்துக்கொள்கிறது என்பதை ஸ்டால் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து காட்டினாரே, அவரேதான். பேச்சைக் கேட்டுவிட்டு நேரே கிரிக்கிடம் போய்ச் சொல்கிறார். கிரிக் உடனே நைரன்பெர்க்கைக் கூப்பிட்டுத் தான் தலைமை தாங்கும் பெரிய அமர்வில் அதே பேச்சை மறுபடி பேச வைக்கிறார். ஒரே வாரத்தில் ஒரே பேச்சு இரண்டு தடவை. முதல் தடவை காலி நாற்காலிகளுக்கு, இரண்டாம் தடவை துறையே கூடியிருந்த அரங்கத்துக்கு. அங்கிருந்து கிளம்பியவர்கள் ஊர் திரும்பியதும் மீதிச் சொற்களைக் கண்டுபிடிக்கும் ஓட்டத்தில் இறங்கினார்கள். 1966-க்குள் மொத்த அட்டவணையும் நிரம்பியது. 1968-ல் நைரன்பெர்க், கொரானா, ஹோலி மூவருக்கும் நோபல்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1951-ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் பார்பரா மக்ளின்டாக் மக்காச்சோளத்தில் இடம் மாறும் மரபுக் கூறுகளைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் பலருக்குப் பிடிபடவே இல்லை, பேச்சும் லேசில் பின்தொடரக்கூடியதாக இல்லை. நோபல் வந்தது 1983-ல். அரங்கம் எப்போதும் சரியாகத் தீர்ப்புச் சொல்லும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று. 1950களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் பேச்சுவாக்கில் ‘கொலாஜனுக்கு (தோலிலும் தசைநாணிலும் இருக்கும் புரோட்டீன்) இன்னும் சரியான அமைப்பு யாரும் சொல்லவில்லை’ என்றார். அங்கே இயற்பியல் துறையை நடத்திக்கொண்டிருந்த ஜி.என். ராமச்சந்திரன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அடையாறில் இருக்கும் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. எக்ஸ்ரே எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் மூன்று இழை அமைப்பை வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்த வேலைதான் இன்று உலகம் முழுக்கப் புரோட்டீன் படிப்பவர்கள் பயன்படுத்தும் 1963-ம் வருட ராமச்சந்திரன் வரைபடம், புரோட்டீன் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டுவது. அதே 1963 ஜனவரியில் புரோட்டீன் அமைப்பைப் பற்றிப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றை அவர் சென்னையிலேயே நடத்தினார், 1967-ல் இன்னொன்று. விருந்தாளியாக வருகிறவர் மேடையில் பேசுவதைவிட டீ குடிக்கும்போது சொல்வதில் சில சமயம் அதிகம் கிடைக்கும் என்பதற்குப் பெர்னால் வருகையை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

என் மகன் அமெரிக்காவில் போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) செய்கிறான். உதவிப் பேராசிரியர் வேலைக்கு ‘ஜாப் டாக்’, ‘சாக் டாக்’ என்று இரண்டு நாள் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஒரு இன்டர்வியூவுக்கு இரண்டு நாளா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

ஆமாம் ஐயா, இரண்டு நாளும் அவர் விழித்திருக்கும் நேரம் முழுவதும் இன்டர்வியூதான். காலைச் சாப்பாட்டிலிருந்து இரவுச் சாப்பாடுவரை அரை மணிக்கு ஒரு பேராசிரியராகச் சந்தித்துக்கொண்டே இருப்பார், மதியம் மாணவர்களோடு சாப்பாடு. அந்த மாணவர்களிடமும் பிறகு கருத்துக் கேட்பார்கள் என்பதைத் தம்பிக்கு ஞாபகப்படுத்துங்கள்.

ஜாப் டாக் என்பது எல்லோருக்கும் திறந்த செமினார். இதுவரை செய்ததை ஐம்பது நிமிடத்தில் சொல்ல வேண்டும், ஒத்திகை பார்த்துப் போகலாம். சாக் டாக் வேறு மாதிரி. கதவைச் சாத்திவிட்டு ஆசிரியர்கள் மட்டும் உட்காருவார்கள், பெரும்பாலான இடங்களில் ஸ்லைடு கிடையாது, வெள்ளைப் பலகையும் மார்க்கரும்தான். இனி ஐந்து வருடம் என்ன செய்யப்போகிறாய், முதல் மானியம் எதற்குக் கேட்பாய், அந்த எலி வளரவில்லை என்றால் மாற்று வழி என்ன, உன் பழைய பேராசிரியரும் இதையே செய்தால் எப்படிச் சமாளிப்பாய் என்று இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே புகுவார்கள். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவரைச் சேர்ப்பதென்றால் ஆய்வகம் அமைக்கப் பெரும் பணத்தை முன்கூட்டியே கொடுக்கிறார்கள், வங்கியில் இருந்த உங்களுக்குத் தெரியாததா, கடன் கொடுக்கும் முன் எத்தனை கேள்வி கேட்பீர்கள். ஜாப் டாக் பிரமாதமாக அமைந்தும் சாக் டாக்கில் வேலையைக் கோட்டை விட்டவர்கள் நிறைய. இப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தன் துறையைச் சேராத நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுப் பலகை முன்னால் நின்று, அவர்களை இஷ்டத்துக்குக் குறுக்கிடச் சொல்லிப் பேசிப் பழக வேண்டும். இலையுதிர்காலத்தில் விண்ணப்பம், குளிர்காலத்தில் நேர்காணல், வசந்தத்தில் முடிவு என்பதுதான் அங்கே வழக்கம். அதனால் பதில் வர இரண்டு மாதம் ஆனாலும் கவலைப்பட்டு தினமும் போன் செய்யாதீர்கள்.

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் உயிரியல் ‘இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்’ நடத்துகிறோம். பத்தரைக்குக் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, மலர் வெளியீடு. அழைத்துவந்த விஞ்ஞானிக்கு மைக் கிடைக்கும்போது மணி பன்னிரண்டேகால். மாணவர்கள் சான்றிதழ் எப்போது தருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்? – உதவிப் பேராசிரியை, விருதுநகர் மாவட்டம்

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. இது எப்படி இவ்வளவு பெருகியது என்றால், 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. என்ற, கல்விப் பணிகளுக்குப் புள்ளி போடும் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. மாநாட்டில் கட்டுரை வாசித்தால் புள்ளி, அது பன்னாட்டு மாநாடாக இருந்தால் கூடுதல் புள்ளி. மறு வருடமே ஊரூராக பன்னாட்டு மாநாடு முளைத்தது. மலேசியாவிலிருந்து ஒருவரை வீடியோவில் காட்டினால் ‘பன்னாட்டு’. ஐ.எஸ்.பி.என். எண் போட்ட தொகுப்பு மலரில் அறுபது கட்டுரை, ஒன்றையாவது அச்சகக்காரரைத் தவிர யாராவது படித்தார்களா தெரியாது. விதிகள் பிறகு திருத்தப்பட்டன, பழக்கம் போகவில்லை.

பெரிய விழாவை நிறுத்த உங்களால் முடியாது, முயற்சி செய்து பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதைத் தொடாமல், துறைக்குள் மாதம் ஒரு செமினார் தொடங்குங்கள். பேனர் இல்லை, விளக்கு இல்லை, சான்றிதழ் இல்லை. அறிமுகத்துக்கு ஒரு நிமிடம், பேச்சுக்கு நாற்பது, கேள்விக்கு இருபது. பெரிய பெயரைக் கூப்பிடாதீர்கள். பெங்களூர் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்திலோ இந்திய அறிவியல் கழகத்திலோ சென்னை ஐ.ஐ.டி.யிலோ பி.எச்டி. முடிக்கும் தறுவாயில் இருக்கும் உங்கள் பழைய மாணவர் யாராவது இருப்பார். லீவில் ஊருக்கு வரும்போது பிடித்துவிடுங்கள், அவரும் ஆசையாகப் பேசுவார். ஒரு வாரம் முன்பே அவருடைய பேப்பர் ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்து, ஒரு படத்துக்கு ஒருவர் என்று பிரித்துவிடுங்கள். படம் மூன்று என்னுடையது என்று வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை தூங்காது. வெளிநாட்டுத் துறைகளில் பேச்சாளரோடு மதியச் சாப்பாட்டுக்கு மாணவர்கள் மட்டும் போவார்கள், ஆசிரியர் யாரும் கூட வரக் கூடாது. அதையும் செய்யுங்கள். ஹோட்டல் கூட வேண்டாம், கேன்டீன் எலுமிச்சை சாதம் போதும்.

முதல்வர் கேட்டால் இதற்குச் செலவு பேருந்துக் கட்டணம் மட்டும்தான் என்று சொல்லுங்கள், அனுமதி கிடைத்துவிடும்.

அடுத்த மாதம் சினாப்சிஸுக்கு (ஆய்வேட்டின் சுருக்கத்தைச் சமர்ப்பிப்பதற்கு) முந்தைய பேச்சு. ஸ்லைடு 74 இருக்கிறது. குறைக்கச் சொல்கிறார்கள், எதை வெட்டுவது? – ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்

‘முன்னுரை, நோக்கம், செய்முறை, முடிவுகள், முடிவுரை’ என்று பட்டியல் போடும் அந்த இரண்டாவது ஸ்லைடை முதலில் தூக்குங்கள். எல்லோர் பேச்சிலும் அதுதான் இருக்கிறது, யாருக்கும் அதில் புதிய செய்தி இல்லை. பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) 94 டிகிரியில் முப்பது விநாடி, 58-ல் முப்பது விநாடி என்று போகும் அட்டவணைகளை எல்லாம் ‘நன்றி’ ஸ்லைடுக்குப் பின்னால் ஒளித்துவையுங்கள், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். இதிலேயே இருபது போய்விடும்.

மீதியில் தலைப்புகளை மாற்றுங்கள். ‘ரியல் டைம் பி.சி.ஆர். முடிவு’ என்று போட்டால் கேட்பவர் முடிவைத் தானே தேட வேண்டும். ‘உப்பு கூடினால் இந்த ஜீன் மூன்று மடங்கு வெளிப்படுகிறது’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அந்த ஸ்லைடு தேவையில்லை. வரைபடத்தில் இருக்கும் பிழைக்கோடு எஸ்.டி.யா (திட்ட விலக்கம்) எஸ்.இ.எம்.மா (சராசரியின் திட்டப் பிழை), எத்தனை தடவை செய்தது என்று மூலையில் போடுங்கள். கமிட்டியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நுண்ணோக்கிப் படங்களில் சிவப்பும் பச்சையும் சேர்த்துப் போடாதீர்கள். சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாத குறை ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு உண்டு, நம் ஊரில் கொஞ்சம் குறைவு என்றாலும் ஒரு அரங்கில் ஓரிருவராவது இருப்பார்கள். மெஜந்தாவும் பச்சையும் போட்டால் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி நேரத்தில் தெரியாததற்கு ‘செய்து பார்க்கவில்லை, செய்வதென்றால் இப்படிச் செய்வேன்’ என்று சொன்னால் போதும். இன்னொன்று, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் உங்கள் கைடு எழுந்து பதில் சொல்லிவிடுவார். அன்பினால்தான் செய்கிறார், ஆனால் கமிட்டி அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். ‘சார், நான் திணறினாலும் கொஞ்சம் விட்டுப் பாருங்கள்’ என்று முந்தின நாளே பணிவாகச் சொல்லிவையுங்கள்.

மதியம் இரண்டரை மணிச் செமினாரில் தூக்கம் வருகிறது. வழி சொல்லுங்கள். – மதுரை வாசகர்

நேரத்தை நாலு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள், டீக்குப் பிறகு. மதியம் உடல் கடிகாரமே கொஞ்சம் இறங்குகிறது, அதன்மேல் சாம்பார் சாதமும் விளக்கணைத்த ஏ.சி. அறையும் சேர்ந்தால் யார் பேசினாலும் தோற்றுப்போவார்கள். மாற்ற முடியாதென்றால் ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள். குறட்டை வந்தால் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் சாட்சி.

எங்கள் ஊரில் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. நல்ல விரிவுரைகளை எங்கே கேட்கலாம்? – தருமபுரி வாசகி

போன் இருந்தால் போதும். முதலில் ‘ஐபயாலஜி’. கலிஃபோர்னியாவில் ரான் வேல் என்ற செல் உயிரியலாளர் 2006-ல் தொடங்கியது, எல்லாம் இலவசம். அதில் ஒரு வசதி, பல பேச்சுகளை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்திருப்பார்கள். முதல் பகுதி மாணவர்களுக்கான அறிமுகம், அடுத்தடுத்தவை அவர்களுடைய சொந்த ஆராய்ச்சி. உங்களுக்கு முதல் பகுதிகள் போதும். செல்லுக்குள் சரக்கு சுமக்கும் மோட்டார் புரோட்டீன்களைப் பற்றி வேல் பேசியிருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் அந்த மோட்டார்களில் ஒன்றான கைனெசினைக் கண்டுபிடித்த குழுவில் இருந்தவர், அந்தப் புரோட்டீன் இரண்டு காலால் நடப்பதுபோல் நகர்வதைப் படத்தில் பார்த்தால் பாடப்புத்தகத்தில் இருக்கும் செல் வரைபடம் பிறகு பிடிக்காது.

ஒரு பாடத்தைத் தொடர்ச்சியாகக் கேட்க வேண்டும் என்றால் ஐ.ஐ.டி.களின் வகுப்புகள் கிடைக்கும் நம் என்.பி.டெல். இருக்கிறது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பாடங்களை இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேரில் 7.012 என்ற எண்ணில் எரிக் லேண்டரும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2004-ல் எடுத்த அறிமுக உயிரியல் வகுப்பும் இருக்கிறது. அதற்குப் பிறகு உயிரியல் எவ்வளவோ மாறிவிட்டது, ஆனாலும் மரபியலை அவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘இந்தியா பயோசயன்ஸ்’ தளத்தையும் பார்த்துவாருங்கள், கோடைப் பயிற்சி, பயிலரங்கு அறிவிப்புகள் அங்கே வரும்.

பார்க்கும்போது திரையில் படம் வந்ததும் நிறுத்திவிட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நீங்களே ஒரு வரி எழுதிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள். நேரில் உட்கார்ந்திருக்கும் பெங்களூர்க்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். லேண்டர் மட்டும் என் காதுக்கு ரொம்ப வேகம், 0.75-ல் வைத்துக் கேளுங்கள்.